இரண்டு அம்பு பட்டவன்

என் மச்சானை இந்த வீட்டுக்குள் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். முடிவு செய்தது நான். முடிந்துபோனதும் நான்தான்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். சைக்கிள் கடை முதலாளியான என்னை, எங்கள் கல்யாணத்தன்று சிநேகிதர்கள் கூட்டத்தில் நிறுத்தி, "இவர்தான் மாப்பிள்ளை, காத்தடிக்கிறவர்" என்று சொன்ன புண்ணியவான். எனக்குத் தலை நரைத்துவிட்டது. கடையைக்கூட மூடிவிட்டேன். அந்த வார்த்தை மட்டும் இன்னும் திறந்தே கிடக்கிறது.

"அண்ணன் தனியா இருக்காரு. இனிமே நம்மகூடத்தான். முன் ரூம்ல இருக்கட்டும்," என்றாள் மனைவி ஒரு காலை, துணி மடித்துக்கொண்டே.

"அங்க என் கட்டில் இருக்கே."

"கட்டிலுக்குக் கால் இருக்கில்ல. நகரும்."

முன் அறையில் ஜன்னல் இருக்கிறது. படுத்தபடியே, தெருவில் போகிற சைக்கிள்களில் எதற்குக் காற்றுக் குறைவு என்று சொல்லிவிடுவேன். எனக்கென்று மிஞ்சியிருந்தது அந்த ஜன்னல் ஒன்றுதான். பின் அறையில் இருப்பது தண்ணீர் மோட்டார். அது ஓடும்போது கட்டிலும் ஓடும்.

வாயால் அவளை நான் ஜெயித்ததே இல்லை. கைபேசியால் ஜெயிக்கலாம் என்று தோன்றியது.

எனக்குப் படிப்பு குறைவு. ஆனாலும் போனில் எது நிஜம் என்று கண்டுபிடிக்க ஒரு வழி வைத்திருந்தேன். செய்திக்கு மேலே இரண்டு அம்புக்குறி போட்டு, 'பலமுறை பகிரப்பட்டது' என்று இருந்தால் அது நிஜம். அத்தனை பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

"பல பேர் முகம் துடைச்ச துண்டுன்னு அர்த்தம்," என்பாள் அவள்.

குளிரில் வைத்தால் சார்ஜ் இரட்டிப்பாகும் என்று இரண்டு அம்போடு வந்ததை நம்பி, ஒருமுறை அவள் போனை ஃப்ரிட்ஜில் வைத்தேன். போன் விறைத்துவிட்டது. மறுநாளே நூலகத்தில் பெண்களுக்கு நடக்கும் வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். வருகிற செய்தியை எப்படிச் சரிபார்ப்பது என்று அங்கே சொல்லித்தருகிறார்கள். அதற்குப் பிறகு வீட்டில் மூன்றே கேள்விதான். யார் சொன்னது, எப்போது சொன்னது, சொன்னதில் யாருக்கு லாபம். தலை வலிக்கிறது என்றால்கூட மூன்றுக்கும் பதில் சொன்னபிறகுதான் மாத்திரை.

ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, ஒற்றை விரலால் தட்டினேன்:

'முன் அறையில் விருந்தாளி படுத்தால் வீட்டுக்காரருக்கு மூச்சு அடைக்கும். விஞ்ஜானிகள் எச்சரிக்கை.'

இஸ்திரிக்கடைக்காரருக்கு அனுப்பினேன். அவர் எதையும் சூடு ஆறுவதற்குள் தேய்த்து அடுத்தவரிடம் தள்ளிவிடுகிறவர். மாலைக்குள் என் மனைவியின் போன் மணியடித்தது.

"ஏங்க, மூச்சு அடைக்குமாமே?"

"அப்படியா? யார் சொன்னது?" என்றேன், அவள் கேள்வியையே அவளிடம் போட்டு.

"விஞ்ஞானிங்களாம்."

"அவங்க பொய் சொல்லுவாங்களா?"

"சேச்சே," என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்து, மனதுக்குள் மச்சானுக்கு வழியனுப்பு விழா நடத்தினேன்.

அந்த வாரக் கடைசியில் என் போனுக்கு ஒன்று வந்தது. மேலே இரண்டு அம்பு.

'முக்கியத் திருத்தம். முன் அறையால் விருந்தாளிக்கு ஆபத்தில்லை, அவரால் யாருக்கும் ஆபத்தில்லை. ஜன்னலோரம் படுத்துக் குறட்டை விடும் வயதான ஆண்களுக்குத்தான் நெஞ்சு அடைக்கும். உடனே பின் அறைக்கு மாறவும். விஞ்ஜானிகள்.'

எனக்கு வேர்த்தது. என் செய்தி பொய் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் பாட்டுக்கு எழுதியதை நிஜ ஆட்கள் எடுத்து ஆராய்ச்சி செய்து திருத்தியிருக்கிறார்களே. எழுத்துப் பிழைகூட இல்லை. நெஞ்சைத் தொட்டுப் பார்த்தேன். லேசாக அடைத்த மாதிரிதான் இருந்தது.

கட்டிலை நானே பிரித்தேன். நானே இழுத்தேன். மோட்டார் பக்கத்தில் நானே பூட்டினேன்.

அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருங்க சொன்னது?"

"விஞ்ஞானிங்க."

"ஊருக்கெல்லாம் அவங்க 'விஞ்ஞானி'. 'விஞ்ஜானி'ன்னு எழுதற ஒரே ஆள், கடை போர்டுல 'பஞ்ஜர்'னு எழுதி வெச்சவருதான். நானும் அந்தப் பிழையை மாத்தாம அப்படியே எழுதினேன். மாத்தியிருந்தா நீங்க நம்பியிருக்க மாட்டீங்க."

"அந்த ரெண்டு அம்பு?"

"பல கை மாறினா அது தன்னால விழும்னு வகுப்புல சொன்னாங்க. வகுப்பையே ஒரு சுத்து அனுப்பச் சொன்னேன். பாடம் நல்லாப் புரிஞ்சிடுச்சுன்னாங்க எல்லாரும்."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். மோட்டார் ஓட ஆரம்பித்தது.

மறுநாள் மச்சான் வந்தார். முதுகு வலியாம். டாக்டர் சொன்னார் என்று காற்று மெத்தை ஒன்றைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தார். என் ஜன்னலுக்குக் கீழே அதை விரித்துப்போட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"மாப்பிள்ளை, அந்தப் பழைய பம்ப் இன்னும் இருக்கா?"

யார் சொன்னது? மச்சான். எப்போது? இப்போது. யாருக்கு லாபம்? மச்சானுக்கு. மூன்றும் பளிச்சென்று விளங்கிய பிறகு, பம்பை எடுத்துவந்து காற்றடித்தேன்.