பிஷப்பர் மண்டியிட்ட வெள்ளிக்கிழமை

மொன்றியலில் எண்ணூறு ஆண்டுகள் பின்தங்கி வாழ்ந்தும் ஒரு நாள்கூட வேலைக்குப் பிந்தாத ஒரே மனிதர் எங்கள் பிஷப்பர்தான். இரண்டாயிரங்களின் நடுவில் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் நாங்கள் இருந்த நான்கு மாடிக் கட்டடத்தில், அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரிந்திருக்கலாம்.

மட்டக்களப்புக்காரர். பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் துப்புரவு வேலை. அவர் துடைக்கும் நடையோரத்து வகுப்பறையில் ஆண்டுதோறும் இடைக்கால ஐரோப்பா பற்றி ஒரே பாடம் நடக்கும்: அரசன், பிரபு, பண்ணையாள், பிஷப். கதவு திறந்தே கிடக்கும். பதினொரு ஆண்டுகள் அதே பாடத்தைக் கேட்டவர் உலகத்தில் வேறு யாரும் இருக்க முடியாது. பேராசிரியர் ஒரு போப்பாண்டவரை மாற்றிச் சொன்னால், வெளியே துடைப்பம் நின்றுவிடுமாம்.

விளைவு, எங்கள் கட்டடமும் இடைக்காலத்துக்குப் போனது. வீட்டுச் சொந்தக்காரர் பிரபு. நாங்கள் குடியானவர்கள். சட்டம் சொல்லும் இவர் பிஷப்பர்.

கீழ்த்தளத்தில் எல்லோருக்குமாக இரண்டே சலவை இயந்திரங்கள். நான்காம் மாடிப் பவளக்கா மற்றவர்களின் ஈரத்துணியைத் தூக்கி வெளியே போடுவதில் பட்டம் பெற்றவர். சண்டை முற்றியபோது பிஷப்பர் கதவில் ஒரு தாளை ஒட்டினார்: "தேவ சமாதானம். வியாழன் முதல் ஞாயிறு வரை சண்டை தடை."

"இதென்ன அண்ணை புதுசா?" என்றார் பவளக்கா.

"புதுசில்ல பவளம். திருச்சபை பிரபுமாருக்குப் போட்ட சட்டம். வாள் வச்சிருந்தவனே நாலு நாள் சும்மா இருந்தான். நீ சவுக்காரத்தோடதானே நிக்கிறாய்?"

"அப்ப திங்கட்கிழமை சண்டை பிடிக்கலாமோ?"

"தாராளமா."

பவளக்கா நாட்காட்டியில் திங்கட்கிழமைகளை வட்டமிட்டு வைத்தார். ஆனால் திங்கள் வருவதற்குள் பாதிச் சண்டைக்குக் காரணம் மறந்துபோகும்.

அந்த ஜனவரியில் கட்டடத்தின் வெப்பமூட்டி நின்றது. என் மகனுக்கு ஏழு மாதம். ஐந்து நாளாக இருமினான். மூன்று கம்பளிச்சட்டை போட்டால் விறைக்குமோ, நான்காவது போட்டால் மூச்சு முட்டுமோ என்று கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தேன். துறைமுகத்துக் கிட்டங்கியில் வேலை செய்த கணவர் இடைவேளைகளில் சொந்தக்காரருக்குத் தொலைபேசி எடுத்தார். பதில் இல்லை. நான் பிரெஞ்சில் மூன்று முறை கடிதம் எழுதினேன். "அன்புள்ள" என்பது அதிகமோ என்ற யோசனையில் அதை அனுப்பவேயில்லை.

ஆறாம் நாள் வெள்ளிக்கிழமை. காலியாக இருந்த ஒரு வீட்டைக் காட்ட, இளம் தம்பதியொன்றை அழைத்துக்கொண்டு சொந்தக்காரரே வந்தார். செய்தி பரவி, கட்டடமே வாசல் கூடத்தில் கூடியது. பவளக்கா கோட்டுக் கையை மடித்துவிட்டார்.

"இண்டைக்கு இவரைக் கிழிக்கிறன், பாருங்கோ!"

பிஷப்பர் குறுக்கே கை நீட்டினார். "இண்டைக்கு வெள்ளி பவளம். சண்டை தடை."

"அப்ப குளிரிலை விறைச்சுச் சாகிறதோ?"

"வேற வழி இருக்கு."

நேரே போனார். பனி உருகிக் கிடந்த தரையில், சொந்தக்காரர் முன்னால் மண்டியிட்டார். பதறிப்போன அந்த மனிதர் தூக்கிவிடக் கைகளை நீட்டினார். பிஷப்பர் தன் இரு உள்ளங்கைகளையும் சேர்த்து அந்தக் கைகளுக்குள் செருகிவிட்டார்.

"ஐயா, நான் உங்கள் ஆள்!" என்று பிரெஞ்சில் முழங்கினார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, தமிழில்: "அந்தக் காலத்துல பிரபு கையைப் பிடிச்சா ஒப்பந்தம் முடிஞ்சுது. இனி அவர் நம்மளக் காப்பாத்த வேணும். குளிரிலயிருந்தும்தான்."

"எழுந்திருங்கள்! தயவுசெய்து எழுந்திருங்கள்!" சொந்தக்காரரின் முகம் தக்காளி நிறமானது.

பவளக்கா பின்னால் மண்டியிட்டார். அவருக்குப் பின்னால் வரிசை மாடிப்படிவரை நீண்டது. வீடு பார்க்க வந்த பெண் மெல்லக் கேட்டாள்: "இவர்கள் ஏன் வீட்டுக்குள்ளே கோட்டு போட்டிருக்கிறார்கள்?"

நான் மகனோடு சுவரோரம் நின்றேன். வீட்டைவிட்டு எழுப்பிவிட்டால்? இது மரியாதையா, அவமானமா? யோசித்து முடிப்பதற்குள் கால்கள் அவர் முன்னால் போய் நின்றுவிட்டன. நான் மண்டியிடவில்லை. மகனின் கையுறையைக் கழற்றி, குளிர்ந்து கிடந்த அந்தச் சின்னக் கையைச் சொந்தக்காரரின் உள்ளங்கையில் வைத்தேன்.

அவர் திடுக்கிட்டார். "மொன் தியூ!" என்று கடவுளைக் கூப்பிட்டுவிட்டு, கைத்தொலைபேசியை எடுத்தார்.

மாலை நான்கு மணிக்கு வெப்பமூட்டியின் குழாய்கள் தடதடத்தன. கதவுகள் திறந்தன. நான்காம் மாடியிலிருந்து பவளக்காவின் கோட்டு பறந்து வந்து விழுந்தது, பின்னாலேயே அவருடைய கூச்சல். பெனியனோடு ஆண்கள் படிகளில் நின்று கைதட்டினார்கள். அந்த இளம் தம்பதி வீட்டையும் எடுத்துக்கொண்டார்கள். இவ்வளவு மரியாதையான குடியிருப்பாளர்களை அவர்கள் எங்கும் கண்டதில்லையாம்.

அன்று பிஷப்பரைச் சாப்பிடக் கூப்பிட்டேன். கோழிக்கறியைப் பார்த்ததும் தட்டைத் தள்ளினார்.

"வெள்ளியில இறைச்சி தொடமாட்டன் புள்ள. அந்தக் காலத்துச் சட்டம்."

"அப்ப மீன் பொரிக்கிறன். இருங்கோ அண்ணை."

வழக்கமாக யாராவது தட்டைத் தள்ளினால், என்ன பிழை செய்தேன் என்று ஒரு வாரம் யோசிப்பவள் நான். அன்று ஒன்றும் யோசிக்கவில்லை. ஒற்றைச் சட்டையோடு தூங்கிய மகனை அவர் மடியில் கிடத்திவிட்டு அடுக்களைக்குப் போனேன். அதுவரை அவனை நான் எவர் மடியிலும் விட்டுப் போனதில்லை.