முப்பத்தொரு கதவுள்ள கார்

நான் சொல்லப்போவதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. பொய்யென்று யாராவது நிரூபித்தால், நாற்பது வருடம் வளர்த்த இந்த மீசையை நடுத்தெருவில் உட்கார்ந்து மழித்துக்கொள்கிறேன்.

ஓக்லஹோமாவில் டல்லிவர் எங்கள் ஊர். 1934 மே மாதம், வேலையும் இல்லாமல் மழையும் இல்லாமல் புழுதி மட்டும் தாராளமாகக் கிடைத்த காலம். வங்கிக் கொள்ளைக்காரன் ஹாய்ட் ரெயின்போல்ட்டை எங்கள் ஷெரிஃப் ஏமஸ் டட்டிலும் அவருடைய ஐந்து ஆட்களும் நாற்சந்தியில் காரோடு மறித்துச் சுட்டார்கள். அரை மணியில் ஊரே கூடிவிட்டது. கொள்ளைக்காரன் செத்தால் ஞாபகத்துக்கு ஏதாவது எடுத்துப்போவது எங்கள் பக்கத்து வழக்கம். ஒருவர் பொத்தான், ஒருவர் கண்ணாடிச் சில்லு. போதகர் ஸ்டியரிங்கைக் கழற்றிக்கொண்டு போனார். மிச்சத்தைப் புதைத்து, கல்லில் ரெயின்போல்ட் பேரைப் பொறித்தோம்.

இருபத்தைந்து வருடம் கழித்துத் தலைநகரிலிருந்து உத்தரவு வந்தது. நாற்சந்தியில் வெண்கலப் பலகை வைக்கப்படும். அதற்குமுன் 'மேற்படி சம்பவத்தில் உண்மையையும் கட்டுக்கதையையும் பிரித்து, உண்மையை மட்டும் மூன்று பிரதிகளில் அனுப்பவும்.'

உடனே உண்மைப் பிரிப்பு ஆணையம் அமைந்தது. தலைவர், தீவனக்கடை லீலண்ட் பாக்ஸ். தவிட்டையும் தானியத்தையும் பிரித்துப் பழகியவர் என்பதால் தேர்வில் போட்டி இல்லை.

சம்பவத்தில் பங்குகொண்டவர்கள் பிரமாணப் பத்திரம் தரலாம் என்று அறிவித்தார்கள். நானும்தான் சுட்டேன் என்று இருநூற்றுப் பதினாலு பேர் சத்தியம் செய்தார்கள். அந்தக் காரின் கதவு என்று முப்பத்தொரு கதவுகள் வந்து சேர்ந்தன. எல்லாவற்றிலும் குண்டு ஓட்டை. சிலவற்றில் வெடிமருந்து வாசனைகூடப் போகவில்லை.

"அது ரெண்டு கதவுக் காராச்சே," என்றார் செயலாளர் மிஸ் வெர்னா.

"சத்தியம் பண்ணிக் குடுத்த கதவும்மா. எதைத் தள்ளச் சொல்றே?"

ஆகவே ரெயின்போல்ட் பதினைந்தரைக் கார்களில் வந்தான் என்று முடிவாயிற்று. அரைக் கார் எப்படி ஓடியது என்று ஆராயத் துணைக்குழு போட்டார்கள்.

அந்த வாரம்தான் ஓப்பல் ஸ்ப்ரேக் வந்தாள். மேல்தெருவில் தையல் வேலை செய்பவள். கையில் குண்டு துளைத்த ஒரு மரப்பெட்டி. உள்ளே தையல் ஊசிகள்.

"லீலண்ட், அந்தக் குழியில கிடக்கிறது கொள்ளைக்காரன் இல்லப்பா. என் புருஷன் வெண்டல். ஊசி விக்கப் போனவரு. கல்லுல அவர் பேரைப் போடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

"நீங்க அவருக்கு என்ன உறவு?"

"பொண்டாட்டி."

"அப்ப சம்பந்தப்பட்டவங்க. உங்க சாட்சி செல்லாது."

"கதவு கொண்டாந்தாங்களே, அவங்க?"

"அவங்களுக்குச் சம்பவத்தோட எந்தச் சம்பந்தமும் இல்லையே அக்கா. அதனால நடுநிலை."

மூலையில் உட்கார்ந்திருந்த கிழட்டு ஷெரிஃப் ஏமஸ் எழுந்தார். "அவ சொல்றது நிஜம், லீலண்ட். மறுநாளே எனக்குத் தெரியும். ஆளை மாத்திச் சுட்டுட்டோம். சொல்ல வாய் வரல."

லீலண்ட் பட்டியலைப் புரட்டினார். "ஏமஸ், சுட்டவங்க லிஸ்டுல உன் பேரே இல்லையே. நீ படிவம் குடுக்கல. ஆணையத்தைப் பொறுத்தவரை அன்னிக்கு நீ அங்க இல்ல."

ஓப்பல் மேஜையில் இருந்த பத்திரக் கட்டைக் காட்டினாள்.

"இந்த இருநூத்திப் பதினாலு பேரும் கார்ல இருந்த ஆளைச் சுட்டோம்னு சத்தியம் பண்ணியிருக்காங்களா?"

"நோட்டரி முத்திரையோட," என்றார் லீலண்ட் பெருமையாக.

"எனக்கு ஒரு நகல் குடு."

நகலையும் ஊசிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு நேராக அரசு வக்கீலிடம் போனாள். அவர் ஊருக்குப் புதிது. மாவட்டத்திலேயே கார்க் கதவு இல்லாத வீடு அவருடையது. எல்லாவற்றையும் படித்துவிட்டு, கொலை வழக்குப் போடக் காலக்கெடு கிடையாது என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை ஆணையத்தின் வாசலில் வரிசை கடைத்தெரு தாண்டி நின்றது. எல்லாரும் பத்திரத்தைத் திருத்த வந்தவர்கள். ஒருவருக்கு அன்று பல்வலி. ஒருவர் கான்சஸில் மாடு வாங்கிக்கொண்டிருந்தார். அறுபது வயது நாவிதர், தாம் அப்போது பிறக்கவே இல்லை என்று சத்தியம் செய்தார். ஏற்கப்பட்டது.

ஏமஸ் மட்டும் வரிசைக் கடைசியில் வந்தார். "எனக்கு ஒரு படிவம் குடும்மா, வெர்னா. நான் இருந்தேன். நான்தான் முதல்ல சுட்டேன்."

இருநூற்றுப் பதினாலு பேரின் புதிய சத்தியத்துக்கு மாறாக இருந்ததால், அவர் படிவம் கட்டுக்கதைக் கட்டில் சேர்க்கப்பட்டது. கட்டுக்கதையை வைத்து வழக்குப் போட முடியாது என்று வக்கீலும் கையை விரித்தார்.

ஆணையத்தின் இறுதி அறிக்கை மூன்று பிரதிகளில் போயிற்று: அன்று நாற்சந்தியில் யாரும் யாரையும் சுடவில்லை. சுடாததால் ரெயின்போல்ட் சாகவில்லை. சாகாதவனுக்குக் கல் வைத்திருப்பது விதிமீறல், உடனே அகற்றுக.

அகற்றினார்கள். காலியான இடத்தில் ஓப்பல் தன் கல்லை நட வந்தாள். தூக்க ஆள் கிடைக்கவில்லை.

"ஏமஸ், அந்த முனையைப் பிடி," என்றாள். பிடித்தார். கல் நேராக நின்றதும் ஊசிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

கல்லில் வெண்டல் ஸ்ப்ரேக் என்ற பேரும் பிறந்த தேதியும் மட்டும் இருக்கின்றன. அன்று யாரும் சாகவில்லை என்பதால் இறந்த தேதிக்கு அனுமதி கிடைக்கவில்லை. அரசாங்கக் கணக்கில் மனிதர் இன்னும் ஊசி விற்றுக்கொண்டிருக்கிறார்.

வரிசையில் நான் எத்தனையாவது ஆள் என்று கேட்காதீர்கள். அன்று நான் ஊரிலேயே இல்லை; முத்திரை குத்திய பத்திரம் இருக்கிறது. அந்த வக்கீல் இன்னும் மாற்றலாகிப் போகவில்லை. யாராவது விசாரித்தால், இதைச் சொன்ன ஆளை நீங்கள் பார்த்ததே இல்லை என்று சொல்லிவிடுங்கள், புண்ணியமாகப் போகும்.