திறக்கப்பட்டது: வெள்ளி, 10.20

"அன்பின் சிவசம்பு" என்று தொடங்கியிருந்தது கடிதம். யோகநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். சிவசம்புதான்.

"பேர்னாட், இது எனக்கெல்லே வந்தது?"

"ஓம் அங்கிள். புது புரோகிராம் வேலை செய்யுதா எண்டு பாக்க உங்களுக்கே ஒண்டு அனுப்பினேன்."

"சிவசம்பு என்ரை ஐயா. அவர் செத்து முப்பத்திரண்டு வருஷம்."

பேர்னாட் கொட்டாஞ்சேனையில் கம்ப்யூட்டர் திருத்துகிறவர், நாற்பதைத் தாண்டியவர். மோட்டார் சைக்கிளில் வெள்ளவத்தைக்கு வந்து சேர்வதற்குள் நாலு இடத்தில் மறித்துப் பையைக் கிண்டுவார்கள். உள்ளே இருக்கும் சீடிகளைக் கண்டதும் "புதுப் படம் ஒன்றும் இல்லையா?" என்று ஒவ்வொரு சிப்பாயும் ஆசையோடு சிங்களத்தில் கேட்பானாம். இந்த முறை பையில் இருந்தவை மூன்று புரோகிராம்கள். மூன்றும் மின்னஞ்சலோடு சேர்ந்து வேலை செய்து, ஆட்களின் பேர், முகவரி, வரத்துப் போக்கு எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்திருக்கக் கூடியவை. நல்லதைத் தெரிவு செய்வது யோகநாதன் பாடு.

"வெள்ளைக்காரன் எழுதினது அங்கிள். முதல் பேருக்கு ஒரு கட்டம், கடைசிப் பேருக்கு ஒரு கட்டம். நீங்க கடைசிப் பேருக்கு அப்பா பேரைப் போட்டிருக்கீங்க. அவன் மரியாதையாக் கூப்பிடுறது கடைசிப் பேரைத்தான்."

"எங்களுக்குக் கடைசிப் பேர் எண்டு ஒண்டு கிடையாதே, பேர்னாட். இருக்கிறது ஒரு பேர். முன்னுக்கு அப்பான்ரை எழுத்து."

"அது அவனுக்குத் தெரியாது."

தெரியாதவன் சும்மாவும் இருக்கவில்லை. இவர்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், யோகநாதனின் பழைய மாணவர் சங்கத்து வருடாந்த மதிய போசனத்துக்கான அழைப்பை அறுபத்துமூன்று பேருக்கு அனுப்பி முடித்திருந்தது. பேர்னாட் பாய்ந்து வயரைப் பிடுங்கினார். அடுத்த நாள் காலை டொரொண்டோவிலிருந்து வரதராசாவின் பதில் வந்தது: "என் தகப்பனார் சின்னராசாவை விருந்துக்கு அழைத்தமைக்கு நன்றி. அவர் எண்பத்தேழாம் ஆண்டு ஷெல் விழுந்து காலமானார். ஆகையால் சமுகமளிக்க வசதிப்படாது."

அதைப் படித்து யோகநாதன் தலையில் கையை வைத்துக்கொண்டார். அளவைத் திணைக்களத்தில் முப்பத்தைந்து வருடம் படவரைஞராக இருந்தவர். ஒரு கோடு மயிரிழை பிசகினாலும் தூக்கம் கெடுகிற மனிதர். ஓய்வு பெற்ற பிறகு, தன் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கத்தின் கொழும்புக் கிளைக்குச் செயலாளரானார். கொழும்புக் கிளை என்பது பேருக்குத்தான். ஆட்களில் முக்கால்வாசி கனடாவிலும் இலண்டனிலும் ஒஸ்லோவிலும் குளிர் காய்கிறார்கள். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு முகவரிகள், மாதம் ஒரு செய்திமடல்.

நானூற்றுப் பன்னிரண்டாவது முகவரி மகன் சேந்தனுடையது. அவன் அந்தப் பள்ளிக்கூடத்தின் படலைக் கதவைக்கூடக் கண்டதில்லை, கொழும்பிலேயே படித்தவன். அப்பாவுக்கு மின்னஞ்சல் போட்டுக் கொடுத்த அன்று, கடிதம் சரியாகப் போகிறதா என்று பார்க்கத் தன் முகவரியையும் கடைசியில் சேர்த்துவிட்டான். பதினாலு மாதத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, ஒருகொடவத்தையில் வேலை முடிந்து தெருவுக்கு வந்தவனை ஒரு வெள்ளை வான் ஏற்றிக்கொண்டு போனது. பொலிஸ், செஞ்சிலுவை, மனித உரிமைக் காரியாலயம் என்று யோகநாதன் ஏறாத படியில்லை. ஒவ்வொரு இடத்திலும் ஒரு முறைப்பாட்டு இலக்கம் கொடுத்தார்கள். இலக்கங்கள் ஒரு கோப்பு நிறையச் சேர்ந்தன. செய்திமடல் மட்டும் மாதா மாதம் தவறாமல் அவனுக்குப் போய்க்கொண்டிருந்தது.

இந்த நிலையில்தான் சங்கத் தலைவர் இராஜநாயகம், வங்கியில் பெரிய கதிரையில் இருந்தவர், பேர்னாட்டைக் கூப்பிடுவதற்கு முந்திய கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்திருந்தார்.

"ஒரு வருஷமாய் சத்தம் சந்தடி இல்லாத ஆக்களை வெட்டும், ஐசே. நல்ல புரோகிராம் ஒண்டு போட்டால், ஆர் இருக்கினம் ஆர் இல்லை எண்டு அதுவே காட்டும்."

எல்லாரும் கை தூக்கினார்கள். யோகநாதனும் தூக்கினார். தூக்கின பிறகுதான் யோசித்தார். வெட்ட வேண்டியது செயலாளர். தன் பிள்ளையின் பேரைத் தன் விரலாலேயே அழிக்க வேண்டும். பேர்னாட்டிடம் அவர் காரணம் சொல்லவில்லை. "வெட்டு எண்டு சொன்னாலும் கெதியிலை வெட்டாத புரோகிராம் ஒண்டு வேணும்" என்று மட்டும் சொன்னார்.

"இஞ்சேருங்கோ, அந்தப் பெட்டிக்குள்ளை தலையைக் குடுத்துக்கொண்டிராமல் வந்து சாப்பிடுங்கோ" என்று குசினியிலிருந்து குரல் வரும். மனைவி சரோஜினிதேவிக்கு கம்ப்யூட்டரோடு தீராத கோபம்; தூசு தட்டக்கூட அதன் பக்கம் வரமாட்டார். யோகநாதன் போய் உட்கார்ந்து ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பாட்டுக் கோப்பைக்குள் அளைந்துகொண்டிருப்பார். பதினாலு மாதமாக இதுதான் அவருடைய சாப்பாடு. சட்டையெல்லாம் அடுத்தவருடைய சட்டை மாதிரி ஆகிவிட்டது.

இரண்டாவது புரோகிராம் மரியாதை தெரிந்தது. யாரையும் தகப்பன் பேரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. ஆனால் அதற்கு வேறொரு குணம் இருந்தது. ஒரே பேர், ஒரே முகவரி எங்கே கண்டாலும் "இருவரும் ஒருவரா?" என்று கேட்டது. நாலு தரம் பொறுமையாகப் பதில் சொன்ன பேர்னாட், ஐந்தாம் தரம் "எல்லாத்துக்கும் ஓம்" என்பதைத் தட்டிவிட்டார். வெள்ளவத்தையில் ஒரே லொட்ஜில் தங்கி விசாவுக்குக் காத்திருந்த பதினேழு பேர் ஒரே ஆளானார்கள். புருஷனும் பெண்சாதியும் ஒன்றானார்கள். விவாகரத்து எடுத்த ஒரு சோடியையும் அது சேர்த்து வைத்தது. நானூற்றுப் பன்னிரண்டு பேர் இருநூற்று முப்பத்தொன்பது பேராகச் சுருங்கினார்கள்.

"சேந்தன் எங்கை?" என்றார் யோகநாதன்.

எத்தனையோ காரியாலயங்களில் கேட்டுப் பழகிய கேள்வி. அதே குரலில் வந்தது. பேர்னாட் திரும்பி அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தேடினார். கடைசியில் யோகநாதனின் பக்கத்திலேயே கண்டுபிடித்தார். ஒரே வீடு, ஒரே பேர் என்று கண்டு, மகனை அது தகப்பனுக்குள் சேர்த்துவிட்டிருந்தது.

"உங்களுக்குள்ளதான் இருக்கிறார் அங்கிள்."

"அது எனக்குத் தெரியும். வெளியிலை எடும்" என்றார் யோகநாதன்.

வெளியில் எடுக்க இரண்டு நாள் பிடித்தது. அந்த இரண்டு நாளும் பேர்னாட் காசுக்கதை எடுக்கவில்லை.

மூன்றாவது புரோகிராம் கெட்டிக்காரப் புரோகிராம். ஆளுக்கொரு பக்கம், பக்கத்துக்கொரு படம் வைக்க இடம். அனுப்பிய கடிதத்தை யார் திறந்தார், எப்போது திறந்தார் என்று நாளும் நேரமும் குறித்து வைத்தது. ஐப்பசி மாதச் செய்திமடலை அதிலிருந்து அனுப்பி, ஒரு கிழமை விட்டுப் பட்டியலைப் பார்த்தார் யோகநாதன். தலைவர் இராஜநாயகத்தின் பேருக்கு நேரே ஒன்றுமில்லை. செய்திமடல் அபாரம் என்று கூட்டத்துக்குக் கூட்டம் புகழ்கிற மனிதர் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. யோகநாதன் தனக்குள் சிரித்துக்கொண்டு கடைசிவரைக்கும் வந்தார். அங்கே சிரிப்பு நின்றுபோனது.

சேந்தன் யோகநாதன். திறக்கப்பட்டது: வெள்ளி, 10.20.

அவருக்குக் காலும் ஓடவில்லை, கையும் ஓடவில்லை. எழுந்தார், இருந்தார், மறுபடி எழுந்து யன்னலைச் சாத்தினார். பிள்ளை உயிரோடு இருக்கிறான். எங்கேயோ ஒரு கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, அப்பா எழுதியதை வாசித்திருக்கிறான். இத்தாலியாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டினார். வள்ளமேறி இத்தாலிக்குப் போன பிள்ளைகளைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருந்தார். எழுதினால் ஆபத்து என்று பேசாமல் இருக்கிறான்.

சரோஜினிதேவியிடம் சொல்லவில்லை. சொல்லி, நாளைக்கு ஏதும் பிழையாகிப் போனால் அந்த மனுஷி தாங்காது. ஆனால் அன்று மத்தியானம் வாயை அடக்கினவரால் வயிற்றை அடக்க முடியவில்லை.

"இன்னும் கொஞ்சம் சோறு போடும், சரோ."

சரோஜினிதேவி அகப்பையோடு அப்படியே நின்றார். பிறகு ஒரு கேள்வியும் கேட்காமல் போட்டார்.

அதன்பிறகு யோகநாதன் மகனுக்குத் தனியாகவே எழுதத் தொடங்கினார். "தம்பி, நீ திறந்து வாசிக்கிறாய் எண்டு எனக்குத் தெரியும். அது கண்ட நாளிலையிருந்துதான் எனக்குச் சோறு தண்ணி இறங்குது. பதில் போட வேண்டாம். திறந்தால் அதுவே எனக்குக் காணும். அம்மாவுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை." வெள்ளிக்கு வெள்ளி பத்து மணி தாண்டியதும் அது திறக்கப்பட்டது. யோகநாதனின் கன்னத்தில் சதை வைத்தது. சனிக்கிழமைகளில் அவரே சந்தைக்குப் போய் நண்டு வாங்கி வந்தார்.

ஐந்தாவது கடிதத்தில்தான் வினை வந்தது. மூன்றாவது புரோகிராமுக்கு ஒரு பிடிவாதம்: குழுவில் இருக்கிற ஒருவருக்கு எழுதும்போது ஒரு சின்னக் கட்டத்தை அழிக்க மறந்தால், முழுக் குழுவுக்கும் அனுப்பிவிடும். யோகநாதன் மறந்தார். "தம்பி, அங்கை குளிருக்குச் சுவெற்றர் இருக்கோ?" என்ற கேள்வி நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் போய்ச் சேர்ந்தது.

பதில்கள் குவிந்தன. ஒஸ்லோவிலிருந்து ஒருவர் தன்னிடம் நாலு சுவெற்றர் இருப்பதாக எழுதினார். இலண்டனிலிருந்து ஒருவர், தன் தகப்பன் ஒரு நாளும் தன்னிடம் இப்படிக் கேட்டதில்லை என்று எழுதினார். விருந்துக்கு வர வசதிப்படாதென்று எழுதிய வரதராசா எழுதினார்: "அண்ணை, நான் உங்கட சேந்தன் இல்லை. ஆனாலும் பதில் போடாமல் இருக்க மனம் வரேல்லை. நான் சுகமாக இருக்கிறன். நீங்கள் சுகமோ?" யோகநாதன் வாசித்து வாசித்து அழுதார்.

அன்று பின்னேரமே இராஜநாயகம் வந்து இறங்கினார். வழக்கம்போல அவர் கடிதத்தைத் திறக்கவில்லை. இலண்டனிலிருந்து மச்சான் தொலைபேசியில் வாசித்துக் காட்டியிருந்தான். கதிரையில் இருந்து தொண்டையைச் செருமினார்.

"ஐசே, அந்த ஒரு வருஷத் தீர்மானம்."

"ஓம். வெட்டத்தான் வேணும்."

"தீர்மானத்தை வெட்டும், ஐசே. பேர்கள் இருக்கட்டும்." சொல்லிவிட்டுத் தேத்தண்ணியும் குடிக்காமல் போனார்.

சின்னக் கட்டத்தின் பிடிவாதத்தைத் தீர்க்க பேர்னாட் புதன்கிழமை வந்தார். சரோஜினிதேவி கோவிலுக்குப் போயிருந்த நேரம். யோகநாதன் கதவைச் சாத்திவிட்டு, வெள்ளிக்கிழமை, 10.20, இத்தாலி எல்லாவற்றையும் ஒரு மூச்சில் கொட்டினார். பேர்னாட் சேந்தனின் பக்கத்தைத் திறந்து, அதன் ஒரு மூலையில் தட்டினார். கடிதம் திறக்கப்பட்ட இடத்தின் இணைப்பு இலக்கம் நீளமாக வந்தது. அதை இரண்டு தரம் வாசித்தார்.

"அங்கிள், இது இத்தாலி இல்லை."

"பின்னை?"

"இந்த லைனைப் போட்டது நான்தான். உங்கட வீட்டிலயிருந்து மூணாவது ஒழுங்கை. ரபீக்காட நெட் கடை."

யோகநாதன் சேர்ட்டுப் பொத்தானைப் பிழையாகப் பூட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். மூன்றாவது ஒழுங்கை. இவ்வளவு கிட்ட இருந்துகொண்டு ஏன் வீட்டுக்கு வரவில்லை? யாரும் மறித்து வைத்திருக்கிறார்களா? அல்லது பிடித்துக்கொண்டு போனவர்களே அங்கே வந்து பிள்ளையின் கடிதங்களைத் திறக்கிறார்களா? காலி வீதிச் சந்தியில் சிப்பாய் அடையாள அட்டை கேட்டான். எடுத்து நீட்டினார். அவன் ஒரு தரம் அவரைப் பார்த்தான், போகச் சொன்னான்.

கடையில் ஆறு கம்ப்யூட்டர். ஆறுக்கு முன்னாலும் யாரோ இருந்தார்கள். ஒவ்வொரு பிடரியாகப் பார்த்துக்கொண்டு போனார். ஒன்றும் சேந்தனுடையது இல்லை. மேசையில் இருந்த ரபீக்கா, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தலையைத் தூக்கினாள்.

"என்ன அங்கிள், ஆரத் தேடுறீங்க?"

"பிள்ளை, சேந்தன் எண்டு ஒரு ஆளின்ரை மெயில் இஞ்சை இருந்துதான் திறபடுது. வெள்ளிக்கிழமையிலை. அது ஆர்?"

அவள் முகம் இறுகியது. முன்னால் விரித்திருந்த கணக்குக் கொப்பியை மெல்ல மூடினாள். "நீங்க சீஐடியா?"

"இல்லைப் பிள்ளை. நான் சேந்தன்ரை அப்பா."

ரபீக்கா எழுந்து, அவருடைய பிழையாய்ப் பூட்டிய சேர்ட்டையும் சதை வைத்த கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப, முதல்ல மகன்ட பாஸ்வேர்டோட ஏதும் வந்திருக்கா எண்டு பாக்க வந்து, பொறகு இந்த மெயில் பெட்டி திறபடாட்டி மனுசன் சாப்பிடமாட்டாரெண்டு சரோஜினி ஆன்ட்டி வெள்ளிக்கு வெள்ளி ஓடி வந்து திறக்கச் சொல்லுறது உங்களுக்காகத்தானா?"