நாற்பது நடைப் பாலம்

ஒரு காட்டில் அரசாங்க அலுவலகம் ஒன்று நடந்துவந்தது. அதில் நான்கு ஜன்னல்கள், ஜன்னலுக்கு ஒரு குமாஸ்தா. வருகிற மனுக்களைப் பார்த்து முடித்து அனுப்புவது அவர்கள் வேலை. ஆனால் அதற்கு வேண்டிய கோப்பும் வரைபடமும் அலுவலகத்தில் இருக்காது. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் 'நினைவகம்' என்று பலகை மாட்டிய குகையில் இருக்கும். நடுவே ஒரே ஒரு கயிற்றுப் பாலம். குமாஸ்தா சீட்டு எழுதித் தன் பெட்டியில் போட்டால், அணில் போய்க் கோப்பைத் தூக்கிவரும். பாலமோ மணிக்கு நாற்பது நடைக்கு மேல் தாங்காது. அதனால் ஜன்னலுக்குப் பத்து நடை என்று எப்போதோ யாரோ பிரித்து வைத்திருந்தார்கள்.

மூன்றாம் ஜன்னலில் வடிவாம்பாள் என்கிற முள்ளம்பன்றி உட்கார்ந்திருந்தாள். அடிக்கடி தேவைப்படும் கோப்பை அவள் ஒரே ஒரு தரம்தான் வரவழைப்பாள். உடனே நகல் எடுத்து முதுகு முள்ளில் குத்திக்கொள்வாள். அடுத்த மனுவுக்கு அதே கோப்பு வேண்டுமென்றால், திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி உருவி எடுப்பாள். அவள் வரிசைதான் சீக்கிரம் நகரும்.

முதல் ஜன்னலில் கோதண்டம் என்ற குரங்கு. ஒரு பக்கம் படித்ததும் கோப்பைத் தூக்கி எறிந்துவிட்டு, அடுத்த பக்கத்துக்கு மறுபடி சீட்டு எழுதுவான். இரண்டாவதில் கரடி மாசிலாமணி. என்றைக்காவது உதவும் என்று தோன்றுவதையெல்லாம் முன்கூட்டியே வரவழைத்து, அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார். கடைசி ஜன்னலில் ஆமை சபாநாதன். சிக்கலான எல்லைத் தகராறுகள் அவரிடம்தான் போகும். ஒரு கோப்பை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் யோசிப்பார். அவர் சொன்ன தீர்ப்பை இதுவரை யாரும் மாற்றியதில்லை.

ஒருநாள் கோதண்டம் சிங்கராஜாவிடம் போய் முறையிட்டான். தன் பத்து நடை இருபதே நிமிடத்தில் தீர்ந்துபோகிறது, ஆமையாரின் பத்தில் ஒன்பது நடை தினமும் வீணாகிறது, இது எந்த ஊர் நியாயம் என்றான். அவன் சொன்னது உண்மைதான். ராஜாவும் யோசித்து, பக்கத்துக் காட்டில் பெரிய படிப்புப் படித்துவிட்டு வந்திருந்த மரநாய் குணபூஷணத்தைப் பங்கீட்டு அதிகாரியாகப் போட்டார்.

குணபூஷணம் வந்த மறுநாளே பாலத்தடியில் ஒரு மின்பலகை ஏறியது. இனிமேல் நிலையான பங்கு கிடையாது, தேவைக்கேற்ற பங்கு என்றார். கால் மணிக்கு ஒருமுறை எந்த ஜன்னலின் பெட்டியில் எத்தனை சீட்டு கிடக்கிறது என்று பலகை எண்ணும். அதே விகிதத்தில் நாற்பது நடையையும் பிரித்துவிடும். சீட்டே இல்லாத ஜன்னலுக்குத் தேவையில்லை என்று பொருள், ஆகவே அதன் பெட்டி தானாகப் பூட்டிக்கொள்ளும். பங்கு மிச்சமானால் திறக்கும். எல்லோரும் கை தட்டினார்கள். வடிவும் தட்டினாள். இத்தனை நாள் யாருக்கும் தோன்றாத யோசனையாக அவளுக்குப் பட்டது.

ஒரு வாரம் போனது. கோதண்டம் வழக்கம்போல எழுதித் தள்ளியதில் அவன் பங்கு கூடியது. கூடியது எதனால் என்று புரிந்ததும் இன்னும் எழுதினான். மாசிலாமணி விட்டுக்கொடுப்பாரா? அலமாரி அலமாரியாகக் கேட்டார். பலகை குரங்குக்கு இருபது, கரடிக்குப் பதினெட்டு, முள்ளம்பன்றிக்கு ஒன்று, ஆமைக்கு ஒன்று என்று காட்டியது. பாலம் ஒரு நொடி சும்மா இருக்கவில்லை. ராஜா அதைப் பார்த்து மகிழ்ந்து, இந்தக் காடு இப்போதுதான் வேலை செய்கிறது என்றார்.

அந்த நேரம் பார்த்து மழை எச்சரிக்கை வந்தது. மூன்று நாளில் ஆறு கரை உடையும், பள்ளத்தில் இருப்பவர்கள் மேட்டில் வளை ஒதுக்கீடு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அறிவித்தார்கள். வடிவின் ஜன்னலில் முப்பது முயல் குடும்பங்கள் வந்து நின்றன. மற்றதற்கெல்லாம் அவள் முதுகில் நகல் இருந்தது. மேட்டு நில வரைபடம் மட்டும் அப்படி வைத்துக்கொள்ள முடியாது. யாராவது ஒரு வளையை ஒதுக்கியவுடன் அதில் ஒரு கட்டம் அடிபடும், பழைய நகல் செல்லாமல் போகும். ஆக, மனுவுக்கு ஒரு நடை வேண்டும். அவளுக்கு இருந்தது மணிக்கு ஒரு நடை. அலுவலகம் நாளுக்கு ஐந்து மணி நேரம். முப்பது குடும்பம், மூன்று நாள். பாதிப் பேர் வெள்ளத்தில் போவார்கள்.

அவள் குணபூஷணத்திடம் போய் நின்றாள். எனக்கு நிஜமாகவே மணிக்குப் பத்து நடை வேண்டும், பத்துச் சீட்டுதான் போட்டிருக்கிறேன், மற்றவர்கள் நூற்றுக்கணக்கில் போடுவதால் என் பத்து கரைந்துபோகிறது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னாள். அதிகாரி பொறுமையாகவே கேட்டார். ஆட்சேபம் இருந்தால் படிவத்தில் எழுதித் தரச் சொன்னார். படிவம் நினைவகத்தில் இருந்தது. அன்றைக்கு ஒரு நடை படிவத்துக்குப் போயிற்று.

வரிசையில் முதலில் நின்ற பொற்கலை என்ற முயல் ஜன்னல் அருகே வந்தாள். வயிற்றில் குட்டிகள்.

"அக்கா, முதல் ஜன்னல்காரர் எவ்வளவு எழுதுகிறார்?"

"இருநூறுக்கு மேல்."

"நாங்கள் முப்பது குடும்பம். எல்லோருக்கும் எழுதத் தெரியும்."

வடிவு சீட்டுக்கட்டைத் தூக்கி வெளியே கொடுத்தாள். முயல்கள் புல்வெளியில் வட்டமாக உட்கார்ந்து எழுதின. எல்லாச் சீட்டிலும் ஒரே வரி: மேட்டு நில வரைபடம். அடுத்த கால் மணியில் பலகை கண்சிமிட்டியது. குரங்குக்குப் பதினான்கு, கரடிக்குப் பதின்மூன்று, முள்ளம்பன்றிக்குப் பதின்மூன்று. ஆமைக்கு ஒன்றும் இல்லை. எண்ணும் நேரத்தில் சபாநாதன் கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருந்தார். அவர் பெட்டி பூட்டிக்கொண்டது.

அன்று அலுவலகம் மூடுவதற்குள் முப்பது குடும்பத்துக்கும் வளை கிடைத்தது. பொற்கலை மேட்டுக்குப் போகிற வழியில் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டாள். வடிவுக்கு இத்தனை வருட வேலையில் இப்படி ஒரு நிறைவு வந்ததில்லை.

மறுநாள் அவளுக்கு அவசர வேலை எதுவும் இல்லை. ஆனாலும் காலையில் முதல் காரியமாக இருநூறு சீட்டு எழுதிப் போட்டாள். நிறுத்தினால் பங்கு இறங்கிவிடும், இறங்கியதை ஏற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத் தெரியும். மத்தியானம் சபாநாதன் மெதுவாக நடந்து வந்தார். தன் ஜன்னலில் மேட்டில் எந்த வளை யாருக்கு என்று பதினொரு வயல் எலிக் குடும்பங்களின் தகராறு இருப்பதாகவும், யோசித்து முடித்துவிட்டதாகவும், வரைபடத்தை ஒருதரம் பார்த்தால் பதினொன்றையும் ஒரே மூச்சில் தீர்த்துவிடலாம் என்றும் சொன்னார். ஒரு ஜன்னலில் ஏற்றுக்கொண்ட மனுவையோ, அங்கே வந்த கோப்பையோ இன்னொரு ஜன்னலுக்கு மாற்ற விதி இடம் தராது.

"பெட்டி பூட்டியிருக்கிறதம்மா. நீ ஒரு கால் மணி நேரம் எழுதாமல் இருந்தால் போதும். ஒரே ஒரு நடை."

வடிவு பலகையைப் பார்த்தாள். பதின்மூன்று என்று பச்சையாக எரிந்தது. தான் விட்டால் அது ஆமைக்குப் போகும் என்று என்ன நிச்சயம், குரங்கு அல்லவா அள்ளிக்கொள்ளும் என்று நினைத்தாள். அதுவும் நியாயமான நினைப்புத்தான்.

"நாளைக்குப் பார்க்கலாம், ஐயா," என்றாள்.

மழை நாளைக்கே வந்துவிட்டது, சொன்னதற்கு ஒருநாள் முன்னதாக. பதினொரு எலிக் குடும்பங்களில் நான்குதான் கரையேறின.

ராஜா விசாரணைக்கு உத்தரவிட்டார். குணபூஷணம் பலகையின் பதிவை முழுக்கப் புரட்டி அறிக்கை கொடுத்தார். வெள்ளத்துக்கு முந்தைய இரண்டு நாளில் நான்காம் ஜன்னலிலிருந்து ஒரு சீட்டுகூட வரவில்லை, ஆகவே அங்கே யாருக்கும் எந்தத் தேவையும் இருந்திருக்க முடியாது என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. சபாநாதனுக்குக் கட்டாய ஓய்வு கொடுத்தார்கள். வடிவாம்பாளுக்கு மக்கள் தேவையை உணர்ந்த குமாஸ்தா என்று பட்டயம் கொடுத்தார்கள். அதை மாட்ட முதுகில் இடம் போதவில்லை. இனிமேல் எதற்கு என்று பழைய நகல்களையெல்லாம் உருவிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் குத்திக்கொண்டாள்.

நீதி: கஷ்டப்படுவது மட்டும் போதாது, எண்ணுகிறவர் வரும் நேரத்தில் அது இருநூறு பிரதிகளில் இருக்க வேண்டும்.