தட்டில் ஒட்டிய சிவப்புச் சீட்டு

அன்பையும் திட்டையும் ஒரே கையால் பரிமாறும் அக்காவுக்கு,

உன் தம்பி பணிவோடு எழுதுவது. இங்கே நானும் குழந்தைகள் இருவரும் நலம். வீட்டில் மிஞ்சியிருக்கும் பாத்திரங்களும் நலம். அங்கே நீயும் அத்தானும் நலமா?

ஆறு வாரத்துக்கு முன் உன்னைத் தொலைபேசியில் அழைத்து, "அவ பயிற்சிக்கு வெளியூர் போறா, நீ வந்து வீட்டைப் பாத்துக்கோ" என்றேன். "உனக்குக் கை இல்லையா? பசங்களுக்குக் கை இல்லையா? வேலையைக் கத்துக் குடுடா" என்று சொல்லி வைத்துவிட்டாய். அன்று உன்னை மனதுக்குள் என்னவெல்லாம் திட்டினேனோ, அத்தனையையும் இந்தக் கடிதத்தில் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

என் மனைவி கிளம்பும்போது, "இதை முடிச்சாத்தான் மேற்பார்வையாளர் வேலை. ஆனா வீடு தடுமாறுச்சுன்னா ஒரு வார்த்தை சொல்லுங்க, விட்டுட்டு வந்துடறேன்" என்றாள். அந்த ஒரு வார்த்தை அன்றிலிருந்தே என் நாக்கு நுனியில் உட்கார்ந்திருந்தது.

கற்றுக் கொடு என்றாயே, கொடுத்தேன். குழாய்த் தொழிற்சாலையில் பதினோரு வருடமாகத் தரம் பார்ப்பவன் நான். மயிரிழை விரிசல் என்றாலும் சிவப்புச் சீட்டு ஒட்டித் தள்ளிவிடுவேன். அதே முறையை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒன்பது வயதுப் பெரியவள் பாத்திரம் கழுவ, ஆறு வயதுச் சின்னவன் துடைத்து அடுக்க, நான் நாற்காலியில் உட்கார்ந்து பரிசோதனை. தட்டில் பிசுக்கு என்றால் சீட்டு, டம்ளரில் சோப்பு வாசனை என்றால் சீட்டு. அந்தச் சீட்டு மழையிலும் வெயிலிலும் கிடந்தாலும் உரியாதபடி செய்தது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கழுவுகிறவன் நானில்லையே, அதனால் தோன்றவில்லை. மூன்றாம் நாள் காலையில் சீட்டு இல்லாத தட்டு ஒன்றுகூட வீட்டில் இல்லை. சின்னவன் கரண்டியால் சுரண்டினான். நான் கத்தியால் சுரண்டி விரலைக் கிழித்துக்கொண்டு, துடைக்கத் துணி எங்கே என்று கத்தினேன்.

"அப்பாவுக்குத் துணி இருக்கிற இடம்கூடத் தெரியாதாக்கா?" என்றான் சின்னவன்.

"ஃபேன் சுவிட்ச் எங்கன்னு தெரியும்டா" என்றாள் பெரியவள்.

நான் தொலைபேசியை எடுத்தேன்.

"அம்மாவை வரச் சொல்லப் போறீங்களா?"

"வேற வழி?"

"நான் கழுவறேன், இவன் துடைக்கிறான். வேலை நடக்குதுல்ல? நீங்க ஒட்டறதுதான்பா நிக்கணும்."

தொலைபேசியை வைத்துவிட்டேன். பெரியவள் தட்டுகளில் சமையல் எண்ணெயைத் தடவி ஊறவிட்டு, ஒவ்வொரு சீட்டையும் ஒரே இழுப்பில் உரித்தாள். "அம்மா பாட்டில்ல லேபிள் எடுக்கிறப்போ பாத்தேன்" என்றாள். நானும்தான் அதே வீட்டில் இருந்தேன். நான் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து கழுவும் தொட்டியில் மூன்றாவது ஆள் நான். முதலில் டம்ளர், எண்ணெய்ப் பிசுக்குச் சட்டி கடைசியில் என்பதை என் மகள்தான் சொல்லித் தந்தாள். இரண்டு முறை சோறு தீய்ந்தது, ஒரு முறை சின்னவனின் பள்ளிச் சட்டையில் இஸ்திரிப்பெட்டியின் முகம் பதிந்தது. என் மனைவிக்கு ஒரு வார்த்தையும் போகவில்லை. பயிற்சியை முடித்து நாளை மேற்பார்வையாளராக வருகிறாள்.

அக்கா, எட்டு வயதில் உன் கையில் விளக்குமாறு கொடுத்தார்கள். எனக்குப் பதினெட்டு வயதிலும் சுத்தமான தட்டு எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. அதைச் செல்லம் என்றார்கள். செல்லமாம்! ஒருத்தி முதுகில் ஒருவனை ஏற்றி உட்கார வைத்ததற்கு அப்படி ஒரு பெயர். அன்று நீ வராமல் இருந்தாயே, அதுதான் நீ எனக்குச் செய்த பெரிய உதவி. என் நன்றி.

அத்தானுக்கும் அவருடைய ஓய்வெடுக்கும் கைகளுக்கும் என் அன்பு. வேறொருவர் கழுவிய டம்ளரில் நீ தினமும் காப்பி குடிக்கும் காலம் சீக்கிரம் வரட்டும்.

இப்படிக்கு,
திருந்திய தம்பி

பின்குறிப்பு: 'திருந்திய' என்பதை நம்பாதே. இதை எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று. இன்று அடுப்பு துடைப்பது என் முறை. நிமிர்ந்து பார்த்தால் பெரியவள் துடைத்துக்கொண்டிருக்கிறாள். ஏன் என்றால், "நீங்க எழுதுங்கப்பா, நான் பாத்துக்கிறேன்" என்கிறாள். நான் பரீட்சைக்குப் படித்தபோதெல்லாம் நீ சொன்னதும் இதேதான். துணியைக் கேட்டேன், தர மாட்டேன் என்கிறாள். பேனாவை வைக்கிறேன் அக்கா, பிடுங்கத்தான் வேண்டும்.