ஏழு விநாடி அழுத்தவும்

நம்மிடையே ஓர் இனம் உண்டு. நிச்சயக்காரர்கள் என்று பெயர் வைத்துக்கொள்வோம். பரோட்டா வேகும் கல் முன்னால் நின்றுகொண்டு "பரோட்டா இருக்கா?" என்பார்கள், பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபின் "இது சுரண்டை போகும்லா?" என்று கண்டக்டரிடம் ஒருமுறை, டிரைவரிடம் ஒருமுறை, இறங்கப்போகிறவரிடம் ஒருமுறை விசாரிப்பார்கள். பெரிய தீங்கில்லை. ஆனால் இவர்களில் ஒருவரிடம், மோட்டார்களை ஓட்டும் தொடுதிரைக்குப் பட்டன் அமைக்கும் வேலையைக் கொடுத்துவிட்டால்?

கொடுத்தார்கள். தென்காசி சிவசைலத்திடம்.

குற்றாலத்தில் கல்யாண மண்டபம் வைத்திருக்கும் பலவேசம் அண்ணாச்சி, அருவியில் வெள்ளமென்று குளிக்கத் தடை போட்டால் விருந்தாளிகள் முகம் வாடுகிறதே என்று, மண்டபத்துக்குப் பின்னால் சிமெண்டில் சொந்தமாக ஓர் அருவி கட்டினார். மூன்று மோட்டார், ஒரு திரை. திரையில் இரண்டு பட்டன் போதும்: ஓட்டு, நிறுத்து.

சிவசைலம் கணினியில் 'நிறுத்து'வை அமைக்க உட்கார்ந்தார். நிறம் சிவப்பு. சரி. தொட்டதும் நிற்கவேண்டுமா, விரலை எடுத்ததும் நிற்கவேண்டுமா என்று மென்பொருள் கேட்டது. அவருக்கு வியர்த்தது. பழைய பால்பண்ணை வேலையில் முதல் வாரமே அவர் முழங்கை ஒரு பட்டனில் பட்டு ஒரு தொட்டிப் பால் சாக்கடைக்குப் போயிருக்கிறது. அன்றிலிருந்து, தொட்டவுடன் நடந்துவிடும் எதையும் அவர் நம்புவதில்லை. ஆகவே ஏழு விநாடி அழுத்தினால்தான் என்று வைத்தார், அழுத்தினால் "நிறுத்தவா?" என்று ஒரு பெட்டி, ஆம் என்றால் "நிச்சயமாகவா?", அதற்கும் ஆம் என்றால் கடவுச்சொல், அதுவும் சரியென்றால் காரணம் எழுத ஒரு கட்டம், குறைந்தது இருபது எழுத்து. சேமித்தார். சேமித்தோமா என்று திறந்து பார்த்தார்.

ஆனியில் ஒரு முகூர்த்தம். பந்தி நடக்கையில் சிமெண்ட் அருவியின் வடிகாலை யாரோ விட்ட துண்டு அடைத்துக்கொண்டது. தண்ணீர் சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழைந்தது. திரையைக் கவனிக்கும் மங்களேஸ்வரி சிவசைலத்துக்குப் போன் செய்தார்.

"தம்பி, அருவி நிக்க மாட்டேங்கு! ஏழு எண்ணுததுக்குள்ள ஈரக்கை வழுக்குது."

"துடைச்சிட்டு அமுக்குங்கக்கா."

"நிறுத்தவான்னு கேக்கு."

"ஆமா குடுங்க."

"நிச்சயமாவான்னு கேக்கு. இங்கன மாப்பிள்ளைக்க அப்பா நாற்காலி மேல ஏறி நிக்காரு!"

"அதுக்கும் ஆமா. பிறகு கடவுச்சொல்லு."

"போட்டாச்சு. காரணம் கேக்கு. 'தண்ணி வருது'ன்னு அடிச்சேன். எழுத்து பத்தாதாம்!"

பாயசத்தோடு இலைகள் மிதப்பதைச் சிவசைலம் பார்க்கவில்லை. பெண்வீட்டார் கூச்சல் மட்டும் போனில் தெளிவாகக் கேட்டது. ஆனாலும் வாய் என்ன சொல்லிற்று?

"அக்கா, நிஜமாவே தண்ணி வருதா? நல்லாப் பாத்தீங்களா?"

போன் துண்டிக்கப்பட்டது. மங்களேஸ்வரி மாடிக்கு ஓடி மெயின் சுவிட்சை இறக்கினார். அருவி நின்றது. விளக்கு, மின்விசிறி, வீடியோ எல்லாம் நின்றன. மேளக்காரர் மட்டும் முழங்காலளவு தண்ணீரில் விடாமல் வாசித்தார்.

மறுநாள் அண்ணாச்சி கூப்பிட்டார். "ஏலே சிவசைலம், தொட்டா நிக்கணும். அவ்வளவுதாம்லே."

சிவசைலம் மண்டபத்துக்கு வந்து, ஏழு விநாடியையும் பெட்டிகளையும் ஒவ்வொன்றாக எடுத்தார். ஊருக்கு நடுவில் சட்டையைக் கழற்றுவதுபோல் இருந்தது. பிறகு அருவியை ஓடவிட்டு 'நிறுத்து'வைத் தொட்டார். அருவி உடனே நின்றது. நம்ப முடியவில்லை. நின்றுவிட்டதா என்று பார்க்க, அருவிக்கு அடியிலேயே போய்க் கையை நீட்டினார். சொட்டுத் தண்ணீர் இல்லை. அவர் முகத்தில் பல வருடங்களுக்குப் பிறகு ஒரு நிம்மதி வந்தது.

அவர் அங்கே நிற்பதறியாத மங்களேஸ்வரி 'ஓட்டு'வைத் தொட்டார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். காலையில் வீட்டைப் பூட்டியதும் பூட்டை எத்தனை தரம் இழுத்துப் பார்த்தீர்கள்? அனுப்பிய மின்னஞ்சலைத் திறந்து, அனுப்பிவிட்டோமா என்று பார்க்கவில்லை? போகட்டும், சமையலறையில் கேஸை மூடினீர்கள்தானே?

அட, உட்காருங்கள். எங்கே ஓடுகிறீர்கள்?