ஏழு கோயில், ஒரே தேதி

ஒரு கிண்ணம் மிசோ சூப் மொத்தமும் முத்திரைப் புத்தகத்துக்குள் இறங்கிவிட்டது. விடுமுறை நாளில் சாமி மாடத்தைத் துடைத்து மனைவியிடம் நல்ல பெயர் வாங்கலாம் என்று, அதிலிருந்த புத்தகத்தை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்த பேருந்து ஓட்டுநர் மசநோபுவுக்கு இது தேவைதான்.

சாதாரணப் புத்தகமா அது? கல்யாணமான புதிதில், ஞாயிற்றுக்கு ஒன்றாக, கியோத்தோவில் இருவரும் ஏழு கோயில்களுக்கு நடந்தார்கள். போன இடத்திலெல்லாம் துறவிகள் தூரிகையால் சுவாமி பெயரும் அன்றைய தேதியும் எழுதி, சிவப்பு முத்திரை குத்திக் கொடுத்த பக்கங்கள். மனைவி சுமியே அதைத் தூசி தட்டக்கூட யாரையும் விடமாட்டாள்.

"கை வச்சீங்க, அவ்வளவுதான்!" என்பாள். அத்தனை பிரியம்.

மசநோபு தலைமுடி காயவைக்கும் கருவியால் சூடு காட்டினார். தாள்கள் அப்பளமாகச் சுருண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரித்தால் கிழிந்தன. தங்கை வீட்டுக்குப் போன சுமியே ஆறு மணிக்குத் திரும்பிவிடுவாள். அவள் முகம் வாடுவதை அவரால் பார்க்க முடியாது. அதற்குள் ஏழு கோயிலிலும் புதிதாக எழுதி வாங்கிவிடலாம் என்று சைக்கிளை எடுத்தார்.

முதல் கோயிலில் அதே நீல அட்டைப் புத்தகம் கிடைத்தது. இளம் துறவி அழகாக எழுதினார், இன்றைய தேதியோடு.

"சாமி, தேதியை மட்டும் இருபத்தஞ்சு வருஷம் பின்னாடி போட முடியுமா?"

"அன்னிக்கு நான் பொறக்கவே இல்லையே ஐயா!"

இரண்டாவது கோயிலில் உஷாரானார். "தேதியே வேணாம் சாமி."

"தேதி இல்லேன்னா நீங்க வந்ததுக்கு என்ன அத்தாட்சி?" பெரியவருக்கு ரோஷம் வந்து, தேதியை இரண்டு மடங்கு பெரிதாக எழுதிவிட்டார்.

மூன்றாவதில் மசநோபு, தேதி வரும் மூலையில் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டார். முத்திரை நகத்தின் மேல் விழுந்தது.

"விரலுக்கெல்லாம் நாங்க குத்தறதில்லை ஐயா," என்ற துறவி, பக்கத்தின் நட்டநடுவில் தேதியை எழுதினார்.

அதற்குப் பிறகு மழை வேறு பிடித்துக்கொண்டது. புத்தகத்தைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு மிதித்தார். ஆறாவது கோயிலைத் தாண்டும்போது அவர் வயிற்றிலும் இன்றைய தேதி பதிந்திருந்தது.

ஏழாவது கோயிலில் ஒரு வயதான பெண் துறவி. கதவடைக்கப் பத்து நிமிடம் இருந்தது. மசநோபு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, நான் பஸ் ஓட்டறவன். பொய் சொல்லத் தெரியாது. பொண்டாட்டியோட புத்தகத்துல சூப்பைக் கொட்டிட்டேன். பழைய தேதி போட்டுக் குடுங்கம்மா, புண்ணியமாப் போகும்."

பெண் துறவி புத்தகத்தைப் புரட்டினார். ஆறு பக்கம், ஒரே தேதி. தூரிகையைக் கீழே வைத்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"என்னம்மா சிரிக்கிறீங்க? இங்க என் உசுரே போகுது!"

"ஒண்ணுமில்லப்பா. மூணு வருஷம் முன்னாடி ஒரு அம்மா இதே நீல அட்டையோட, இதே மாதிரி சைக்கிள்ல வந்து, இதையேதான் கேட்டாங்க. சோயா சாஸ் கொட்டிட்டாங்களாம். ஏழும் ஒரே தேதியா இருந்தா வீட்டுக்காரர் கண்டுபிடிக்க மாட்டாரான்னு கேட்டேன். 'அவரு பஸ் ஓட்டறவரு, கல்யாணமானதுலேருந்து அதைத் திறந்தே பார்த்ததில்ல; யாரையும் கை வைக்க விடாம நான் பார்த்துக்கறேன்'னுட்டுப் போனாங்க."